அலகு 9: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலும் சமூகமும்
பாடம்: திறந்த மூல வாடகை வண்டிச் சேவையும் அது எதிர்நோக்கும் சவால்களும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
- திறந்த மூல மென்பொருளில் இயங்கும் வாடகை வண்டிச் சேவையை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
- பாதுகாப்பு, காப்புறுதி, கொடுப்பனவு ஆகிய மூன்று சவால்களையும் வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
- மென்பொருளால் தீர்க்கக்கூடியவை எவை, தீர்க்க முடியாதவை எவை என இனங்காண்பீர்கள்.

1. அறிமுகம்

கையடக்கத் தொலைபேசி மூலம் முச்சக்கர வண்டியையோ காரையோ அழைக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். பயணி தான் நிற்கும் இடத்தையும் செல்ல வேண்டிய இடத்தையும் தெரிவிக்கிறார். சேவையகம் அருகிலுள்ள சாரதியைத் தேடி இருவரையும் இணைக்கிறது. வழக்கமான நிறுவனங்களில் இம்மென்பொருளின் மூலக் குறிமுறை இரகசியமானது. நிறுவனம் ஒவ்வொரு பயணக் கட்டணத்திலும் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்ளும்.

மூலக் குறிமுறையை எவரும் பார்வையிடவும், திருத்தவும், மீளப் பயன்படுத்தவும் உரிமம் வழங்கப்பட்டிருப்பின் அது திறந்த மூல மென்பொருள் எனப்படும். அத்தகைய மென்பொருளைக் கொண்டு சாரதிகள் சங்கமொன்றோ இலாப நோக்கற்ற அமைப்பொன்றோ தனது சேவையை நடத்தலாம்.

2. உதாரணம்: பெங்களூரின் நம்ம யாத்ரி

இந்தியாவின் பெங்களூர் நகரில் 2022 நவம்பரில் ‘நம்ம யாத்ரி’ என்னும் சேவை ஆரம்பிக்கப்பட்டது. கன்னட மொழியில் இதன் பொருள் ‘எங்கள் பயணி’ என்பதாகும். நகரின் முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கமும் ஜஸ்பே என்னும் மென்பொருள் நிறுவனமும் இணைந்து இதனை நடத்தின. இது ‘பெக்ன்’ எனப்படும் திறந்த நடப்பொழுங்கின் அடிப்படையில் அமைந்தது. இதே நடப்பொழுங்கைப் பயன்படுத்தி 2021 இல் கேரளத்தின் கொச்சி நகரிலும் ஒரு வலையமைப்பு தொடங்கப்பட்டிருந்தது.

நம்ம யாத்ரி தரகு பெறவில்லை. 2023 இல் சாரதியிடம் நாளொன்றுக்கு 25 ரூபா அல்லது பயணமொன்றுக்கு 3.50 ரூபா என்ற சந்தாவை அறவிடத் தொடங்கியது.

*கணித்துப் பார்க்க:* ஒரு சாரதி நாளொன்றுக்கு 200 ரூபா வீதம் 10 பயணங்கள் செல்கிறார் எனக் கொள்க. மொத்த வருமானம் 2000 ரூபா. தரகு 20% எனின் அவர் இழப்பது 400 ரூபா. நாட்சந்தா முறையில் அவர் செலுத்துவது 25 ரூபா மட்டுமே. வித்தியாசம் 375 ரூபா. ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவில் இது சிறிய தொகையன்று.

இம்முறை ஏனைய நிறுவனங்களிலும் தாக்கத்தை ஏற்படுத்தியது. 2025 பெப்ரவரியில் ஊபர் நிறுவனமும் இந்தியாவில் தனது முச்சக்கர வண்டிச் சேவையைத் தரகற்ற சந்தா முறைக்கு மாற்றியது.

எனினும், தரகு பெறும் நிறுவனம் அப்பணத்திலிருந்து சில பொறுப்புகளையும் நிறைவேற்றுகிறது. தரகு இல்லாதபோது அப்பொறுப்புகளை ஏற்பவர் யார்? இப்பாடத்தின் மையக் கேள்வி இதுவாகும்.

3. சவால் ஒன்று: பாதுகாப்பு

திறந்த குறிமுறையிலுள்ள குறைபாடுகளைப் பலர் பரிசோதித்துத் திருத்த முடியும். ஆனால் வண்டியைச் செலுத்துபவர் எத்தகையவர் என்பதைக் குறிமுறை கூறாது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகனத்தின் தகுதி, பொலிஸ் பதிவுகள் ஆகியவற்றை யாராவது ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

டெலிகிராம் வழியாக இயங்கிய ‘லிப்ரெடாக்சி’ என்னும் திறந்த மூலச் சேவையை நோக்குக. அதில் பயணியும் சாரதியும் பேசிக் கட்டணத்தைத் தீர்மானித்துக் காசாகக் கொடுத்தனர். சாரதிகளைச் சரிபார்க்கும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. செலவு குறைந்தது, பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில் விழுந்தது.

இதற்கு எதிரான உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் ஒஸ்டின் நகராகும். சாரதிகளின் கைவிரலடையாளத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்ற நகர விதியைத் தளர்த்தும் பிரேரணையை 2016 மே மாதத்தில் வாக்காளர்கள் நிராகரித்தனர். ஊபரும் லிஃப்டும் நகரிலிருந்து வெளியேறின. அடுத்த மாதமே ‘ரைட் ஒஸ்டின்’ என்னும் இலாப நோக்கற்ற சேவை, அப்பரிசோதனையை ஏற்றுக்கொண்டு ஆரம்பமாகியது. அதன் மென்பொருளும் பின்னர் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2017 இல் மாநிலச் சட்டம் நகர விதியை நீக்கியதும் பெரிய நிறுவனங்கள் திரும்பி வந்தன. ரைட் ஒஸ்டின் 2020 இல் மூடப்பட்டது. நல்ல நோக்கமும் நல்ல மென்பொருளும் இருந்தும் ஒரு சேவை நிலைத்திருக்கும் என்பது உறுதியில்லை என்பதற்கு இது சான்றாகும்.

*அவதானிக்குக:* குறிமுறை திறந்ததாக இருக்கலாம். பயணியின் பெயர், தொலைபேசி இலக்கம், சென்ற இடங்கள் ஆகிய தனிப்பட்ட தரவுகள் திறந்தவையாக இருத்தலாகாது.

4. சவால் இரண்டு: காப்புறுதி

சொந்தப் பாவனைக்கான வாகனக் காப்புறுதி, வாடகைக்கு ஆட்களை ஏற்றும்போது பொதுவாகச் செல்லுபடியாகாது. அத்துடன் சாரதியின் வேலை நேரம் மூன்று கட்டங்களைக் கொண்டது.

(அ) செயலியைத் திறந்து அழைப்புக்காகக் காத்திருத்தல்
(ஆ) அழைப்பை ஏற்றுப் பயணியை நோக்கிச் செல்லுதல்
(இ) பயணியை ஏற்றிச் செல்லுதல்

2013 ஆம் ஆண்டின் இறுதி நாள் இரவில் சான் பிரான்சிஸ்கோ நகரில், அழைப்புக்காகக் காத்திருந்த சாரதி ஒருவரின் கார் மோதி ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அவ்வேளையில் வண்டியில் பயணி எவரும் இருக்கவில்லை. எனவே இழப்பீட்டுக்குப் பொறுப்பானவர் யார் என்ற சர்ச்சை எழுந்தது. இதன் விளைவாகக் கலிபோர்னியா மாநிலம் 2014 இல் சட்டமியற்றி, முதற் கட்டத்துக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஏனைய இரு கட்டங்களுக்கும் 10 இலட்சம் டொலர் பெறுமதியான காப்பீடு விதிக்கப்பட்டது.

இந்திய மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டல்கள், ஒவ்வொரு சாரதிக்கும் குறைந்தது 5 இலட்சம் ரூபா சுகாதாரக் காப்புறுதியும் 10 இலட்சம் ரூபா ஆயுட் காப்புறுதியும் இருத்தல் வேண்டும் எனக் கூறின. இத்தகைய காப்புறுதிக்குத் தவணைக் கட்டணம் செலுத்த ஒரு சட்டபூர்வ நிறுவனம் தேவை. குறிமுறையைப் பிரதி செய்வதற்குச் செலவில்லை. காப்புறுதியைப் பிரதி செய்ய முடியாது.

5. சவால் மூன்று: கொடுப்பனவு

கடனட்டை மூலம் பணம் பெறும் நிறுவனம் அதனைச் சிலகாலம் தன்னிடம் வைத்திருந்து, தரகைக் கழித்தபின் சாரதிக்கு வழங்கும். நம்ம யாத்ரியில் பயணி சாரதிக்கு நேரடியாகக் காசாகவோ, இந்தியாவில் 2016 இல் அறிமுகமான யூபிஐ முறை மூலமோ செலுத்துகிறார்.

| விடயம் | நிறுவனத்தின் ஊடாக | நேரடியாகச் சாரதிக்கு |
|---|---|---|
| சாரதி பணம் பெறுதல் | தாமதமாகலாம் | உடனடியாக |
| தரகு கழித்தல் | இலகு | முடியாது |
| தவறான கட்டணத்தை மீளளித்தல் | இலகு | கடினம் |
| பயணி செலுத்தாது செல்லின் | நிறுவனம் ஈடு செய்யலாம் | சாரதிக்கே நட்டம் |

6. ஞாபகத்திற் கொள்க

- திறந்த மூலம் என்பதும் இலவசச் சேவை என்பதும் ஒன்றல்ல. பரீட்சையில் மாணவர் பலர் விடும் பிழை இது.
- குறிமுறையைத் திறப்பதால் மென்பொருட் செலவு குறையும்; வெளிப்படைத்தன்மை கூடும்.
- சரிபார்த்தல், இழப்பீடு, பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்புக்கூறும் அமைப்பு ஒன்று அவசியம்.

மாதிரி வினாவும் விடையும்

ஒரு நகரின் முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கம், திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்திச் சொந்தச் சேவையை ஆரம்பிக்க விரும்புகிறது.

(i) சங்கத்துக்குக் கிடைக்கும் நன்மைகள் இரண்டு தருக. (2 புள்ளிகள்)
*விடை:* தரகு இல்லாமையால் சாரதியின் வருமானம் கூடும். மென்பொருளை உள்ளூர்த் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

(ii) சேவையை ஆரம்பிக்க முன்னர் சங்கம் தீர்மானிக்க வேண்டிய விடயங்கள் மூன்று தருக. (3 புள்ளிகள்)
*விடை:* சாரதிகளைச் சரிபார்ப்பவர் யார். மூன்று கட்டங்களிலும் காப்புறுதி செய்பவர் யார். கட்டணப் பிணக்குகளைத் தீர்ப்பவர் யார்.

(iii) “குறிமுறை திறந்ததாயின் சேவை பாதுகாப்பானது.” இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? (3 புள்ளிகள்)
*விடைக்குறிப்பு:* முழுமையாக ஏற்க முடியாது. மென்பொருட் குறைகளைக் கண்டறிய அது உதவும். சாரதியின் நன்னடத்தையையும் வாகனத்தின் தகுதியையும் மனிதரே சரிபார்க்க வேண்டும். உதாரணம் ஒன்று தருவோருக்கே முழுப் புள்ளிகள் கிடைக்கும்.

பயிற்சி

1. நாட்சந்தா 25 ரூபா, பயணச்சந்தா 3.50 ரூபா எனின், ஒரு நாளில் குறைந்தது எத்தனை பயணங்கள் செல்லும் சாரதிக்கு நாட்சந்தா இலாபகரமானது? (விடை: 8)
2. உமது பிரதேசத்து முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவருடன் உரையாடி, அவருடைய காப்புறுதி எவ்வெவற்றை உள்ளடக்குகிறது என அறிந்து ஐந்து வாக்கியங்களில் எழுதுக.