நூறு ரூபாய் எத்தனை முறை சுற்றும்?

தக்காளி விலை வீழ்ந்த நாட்களில், உழவர்கள் காயைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விற்று வரும் பணம் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது என்பதே காரணம். ஆனால் அன்றும் நகரத்துக் கடையில் நாம் காசு கொடுத்துத்தான் தக்காளி வாங்குகிறோம். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது?

தோட்டத்துக்கும் சமையலறைக்கும் நடுவே காய் பல கைகள் மாறுகிறது. மண்டிக் கமிஷன், லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எனப் படிக்குப் படி செலவு கூடும். வழியில் காயிலுள்ள நீர் ஆவியாகி எடை குறையும்; சில அழுகியும் போகும். இவையெல்லாம் உழவருக்குக் கிடைக்கும் விலையைக் குறைக்கின்றன. நாம் கொடுக்கும் விலையை உயர்த்துகின்றன.

இந்த இடைவெளியைக் குறைக்கவே 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர்கள் தம் விளைபொருளை அங்கே நேரடியாக விற்கலாம். கமிஷன் கிடையாது. அன்றாட விலை பலகையில் எழுதப்படும். அது மொத்த விலையைவிடக் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்குமாறு நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆதாயம்.

ஆதாயம் அத்துடன் நிற்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உழவர் ஒருவருக்கு நூறு ரூபாய் கொடுக்கிறீர்கள். அதில் 60 ரூபாயை அவர் தம் ஊரிலேயே களையெடுப்புக் கூலிக்கும் கொல்லரிடம் கலப்பை செப்பனிடவும் செலவிடுகிறார் எனக் கொள்வோம். அதைப் பெற்றவர்களும் அதே விகிதத்தில் 36 ரூபாயை உள்ளூரில் செலவிடுகிறார்கள். அடுத்தது 21 ரூபாய் 60 காசு. இது நீங்கள் படித்த பெருக்குத் தொடரே அல்லவா? 100 + 60 + 36 + 21.60 + ... எனக் கூட்டிக்கொண்டே போனால், கூடுதல் 100 ÷ (1 – 0.6) = 250 ரூபாயை நெருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் 20 விழுக்காடு மட்டுமே ஊரில் தங்கினால் கூடுதல் 125தான். நூறு ரூபாய் குட்டி போடவில்லை. ஊரை விட்டு வெளியேறுமுன் அதிகம் பேருக்கு வருமானமாயிற்று, அவ்வளவே.

இனி நிலத்தைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். வரப்பு கட்டிய வயலில் 1 செ.மீ. உயரம் மழைநீர் நின்றால், அது சுமார் 40,000 லிட்டர்! அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகும். உழவு கட்டுபடியாகாமல் அந்த வயல் விற்கப்பட்டு மனைகளாகி, தரையெங்கும் சிமெண்ட் பூசப்பட்டால், அந்நீரில் பெரும்பகுதி சாக்கடையில் ஓடிவிடும்.

எல்லாப் பொருளையும் அருகிலேயே வாங்க இயலாது. கோதுமையும் ஆப்பிளும் தொலைவிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

செய்து பாருங்கள்: ஒரே நாளில் உழவர் சந்தையிலும் பக்கத்துக் கடையிலும் ஐந்து காய்களின் விலையைக் குறித்து அட்டவணை இடுங்கள். காய் எந்த ஊரிலிருந்து வந்தது, எப்போது பறித்தது என்றும் கேளுங்கள். கால் கிலோ கீரையைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, மூன்று மணிக்கு ஒரு முறை எடை பாருங்கள். தொலைவின் விலை உங்கள் நோட்டிலேயே தெரியும்.