தோண்டின தெருவைப் பழையபடி கேட்டு வாங்குவோம்



போன ஐப்பசி மழையில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்கா, விடியற்காலையில் பால் கேனோடு சொசைட்டிக்குப் போனார். குடிநீர்க் குழாய் போடத் தெருவைத் தோண்டி, மேலாக மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மழையில் அந்த மண் உள்வாங்கிவிட்டது. கால் புதைந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் பால் கறக்க முடியவில்லை. மாட்டுக் கடன் தவணையைக் குழுவே சேர்ந்து கட்டியது.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "தண்ணி வந்துச்சு, சந்தோஷம். ஆனா ரோடு போச்சே, யாரைப் போய்க் கேக்கறது?" அதற்கான பதிலை இந்த மாதப் பாடமாகப் படிப்போம்.

சாலை யாருடையது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள் இருக்கும் தெருக்கள் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைகளில் பல ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பஸ் போகும் பெரிய சாலைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. சாலை யாருடையதோ, அவர்களிடம் அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும். புகார் மனுவும் அவர்களுக்கே போக வேண்டும்.

தோண்டியவர் பொறுப்பு என்ன?

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு குழாய் போடப்பட்டது. செல்போன் கம்பெனிகளும் கேபிள் புதைக்கிறார்கள். யார் தோண்டினாலும் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது அதற்கான செலவைக் கட்ட வேண்டும். தொலைபேசிக் கேபிளுக்கு இதை 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசின் வழியுரிமை விதிகளே சொல்கின்றன. அரசு வேலை என்றால், மதிப்பீட்டில் சாலை சீரமைப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒதுக்கியிருந்தால் அந்த வேலை நடந்தே ஆக வேண்டும்.

எப்படி மூட வேண்டும்?

நம்மில் பலர் நூறு நாள் வேலையில் மண் வேலை செய்தவர்கள். நமக்குப் புரியாத விஷயம் இல்லை இது.

* குழாயை மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.
* குழாயைச் சுற்றி மணலோ நல்ல மண்ணோ போட வேண்டும். பெரிய கல் நேரே விழக் கூடாது.
* அரை அடி (15 செ.மீ.) மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடிக்க வேண்டும். பிறகு அடுத்த அரை அடி. மொத்தமாகத் தள்ளி மூடினால் முதல் மழையிலேயே உள்வாங்கும்.
* சிமெண்ட் ரோட்டை மெஷினால் நேராக வெட்ட வேண்டும். மறுபடி கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும்.
* நடைபாதைப் பேவர் கல்லை மணல் பரப்பி, பழைய மட்டத்துக்கே பதிக்க வேண்டும்.
* மிச்ச மண் சாக்கடையை அடைக்கக் கூடாது.
* குழி திறந்திருக்கும் நாளெல்லாம் தடுப்புக் கயிறும், இரவில் விளக்கும் வேண்டும்.

எப்போது கேட்க வேண்டும்?

இந்தப் பாடத்தில் முக்கியமானது இதுதான். வேலை முடிந்து, ஒப்பந்தக்காரர் பில் வாங்கிப் போன பிறகு கேட்டால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். குழி மூடும் நாளிலும், கடைசி பில் பாஸ் ஆவதற்கு முன்பும் கேட்க வேண்டும். பொதுவாக ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அந்த அக்கா விழுந்த தெருவுக்கு இன்னும் பில் பாக்கி இருந்தது. மனு கொடுத்தோம், ஆள் வந்து மண்ணை எடுத்து இடித்து, கான்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துத் தெருவுக்குப் பில் முடிந்துவிட்டது. அங்கே இன்னும் பள்ளம்தான்.

என்ன செய்யலாம்?

1. தோண்டும் முன்பும், குழி திறந்திருக்கும்போதும், மூடிய பிறகும் தேதியோடு போட்டோ எடுங்கள். யார் வீட்டுப் பிள்ளையின் செல்போனாவது போதும்.

2. குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊராட்சித் தலைவரிடம் (தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடம்) மனு கொடுங்கள். நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

3. ஜல் ஜீவன் திட்டத்தின் கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பெண்கள் யார்? அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

4. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபையில் பேசி, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டார்களா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

5. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, மதிப்பீட்டின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு.

நாமே தோண்டினால்?

நம் வீட்டு இணைப்புக்காக ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவை வெட்டும் வழக்கமும் இருக்கிறது. அது தப்பு. ஊராட்சியில் அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணம் கேட்டால் கட்டி, ரசீது வாங்கிக்கொள்வோம். நம் வீட்டு வாசல் பள்ளத்திலும் ஒரு அக்கா விழலாம் இல்லையா?

குழுக் கூட்டத்தில் பேச:

* நம் ஊரில் தோண்டி மூடாத தெருக்கள் எவை? அவை யாருடைய பொறுப்பு?
* எந்த வேலைக்கு இன்னும் பில் பாக்கி இருக்கிறது? யார் போய்க் கேட்பது?
* அடுத்த கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து யார் யார் போகிறோம்?

ஊக்குநரும் பிரதிநிதியும் பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.