தமக்கென ஒரு நியமம்

திருக்கோயிலை வலம் வந்து, கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்கி எழும் அன்பர் பலரும் அந்த நொடியில் மனத்துக்குள் ஓர் உறுதி செய்து கொள்கின்றனர். இனிச் சினம் கொள்ளேன், இனி வைகறையில் துயில் எழுவேன், இனி நாள் தவறாது திருமுறை ஓதுவேன் என்றெல்லாம் நெஞ்சம் உருகி எண்ணுகின்றனர். கோபுர வாயிலைக் கடந்து காலணியைத் தேடும் போதே அவற்றுள் பாதி நழுவி விடுகிறது. பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. இதனை எழுதுபவனும் ஓர் ஆண்டு சித்திரை முதல் நாளில், ஒரு குறிப்பேட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, அதில் பன்னிரண்டு விதிகளை எழுதி வைத்தவனே. வைகாசி பிறப்பதற்குள் பன்னிரண்டில் ஒன்றேனும் மிஞ்சவில்லை. அந்த ஏடு பின்னர்ப் பால் கணக்கு எழுதுவதற்குப் பயன்பட்டது.

நம் உறுதி ஏன் நிலைப்பதில்லை? இதற்கு விடை காண வேண்டுமாயின் பெரியபுராணத்தைச் சற்று வேறு விதமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியையும் அடியொற்றி, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய அந்நூலில் 63 தனியடியார்களின் வரலாறுகள் உள்ளன. அவற்றைப் படிக்கும் போது, இறைவன் விடைமேல் தோன்றி அருளிய நாளையே நாம் பெரிதும் நினைக்கிறோம். அதற்கு முந்தைய நாள் வரை அவ்வடியார் என்ன செய்து கொண்டிருந்தார் என்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து அளித்தார். பழையாறை அமர்நீதியார் ஆடை வணிகர். அடியார்களுக்கு உடையும் கோவணமும் கொடுத்தார். நேசர் நெசவுத் தொழிலர். தாம் நெய்த ஆடையை அடியார்க்கு ஈந்தார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தார். தமக்குத் தெரியாத எதனையும் இவர்கள் மேற்கொள்ளவில்லை. அன்றாடம் கை செய்து கொண்டிருந்த வேலையின் ஒரு பகுதியையே இறைவன் பக்கம் திருப்பி வைத்தனர். அறுபத்து மூவரும் இவ்வாறே என்று சொல்ல இயலாது. அரசரும் அமைச்சரும் படைத்தலைவரும் அவர்களுள் உண்டு. ஆயினும் தொழிலிலிருந்தே நியமத்தை எடுத்துக் கொண்டோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தரின் வரலாற்றை இங்கு விரிவாக நினைத்தல் தகும். அவர் பரதவர் தலைவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றினைச் சிவபெருமானுக்கு உரியது எனக் கடலிலேயே விட்டுவிடுவது அவர் கொண்ட நியமம். மீன் குவிந்த காலத்தில் இது எளிது. நூற்றுள் ஒன்று போவதால் யாருக்கும் இழப்பில்லை. பிறகு ஒரு காலம் வந்தது. நாள் முழுதும் வலை வீசியும் ஒரே மீன் தான் அகப்பட்டது. அந்த ஒன்றையும் அவர் கடலில் விட்டார். மறுநாளும் அப்படியே. செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் பசியால் வாடினர், அவர் மேனியும் தளர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில், பொன்னும் மணியும் இழைத்தது போன்ற விலைமதிப்பற்ற மீன் ஒன்று வலையில் வந்தது. உடனிருந்தோர் அதைக் கண்டு ஆரவாரித்தனர். அன்றைக்குக் கிடைத்ததும் அந்த ஒன்றே. அதிபத்தர் அதனையும் இறைவனுக்கென்று அலைமேல் விட்டார்.

இங்கு ஒன்றை உற்று நோக்க வேண்டும். ‘ஈகையோடு வாழ்வேன்’ என்பது அவர் செய்த உறுதி அன்று. ‘ஒரு மீன்’ என்பதே உறுதி. ஈகை என்று மட்டும் சொல்லியிருந்தால், வறுமை வந்த நாளில் மனம் ஆயிரம் சமாதானம் கூறியிருக்கும். வீட்டாரின் பசியைத் தீர்ப்பதும் ஈகைதானே என்று கேட்டிருக்கும். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு மீன் என்று வரையறுத்துக் கொண்டவருக்கு, மாலையில் கரையேறும் போது, இன்று நியமம் நடந்ததா இல்லையா என்பதில் ஐயம் எழ வழியே இல்லை. என் பன்னிரண்டு விதிகளில் ‘அமைதியாக இருத்தல்’ என்று ஒன்று இருந்தது. அது எந்த நாளில் முறிந்தது என்பதை இன்று வரை என்னால் கூற முடியவில்லை.

மறந்து போனால் என்ன செய்வது என்ற அச்சம் பலருக்கு உண்டு. இதற்குச் சாக்கிய நாயனார் வழி காட்டுகிறார். காஞ்சியில் பௌத்த நெறியைப் பயின்றவர் அவர். அவ்வேடத்தைக் களையாமலே சிவனிடத்து அன்பு பூண்டவர். வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தின் மீது அன்பு மேலீட்டால் ஒரு நாள் ஒரு கல்லை எறிந்தார். அதுவே வழிபாடாகி, நாள்தோறும் கல் எறிந்த பின்னரே உண்பது என்ற நியமமாயிற்று. ஒரு நாள் மறந்து உணவின் முன் அமர்ந்து விட்டார். நினைவு வந்ததும் வருந்திக் கொண்டு அங்கேயே அமர்ந்திருக்கவில்லை. எழுந்து ஓடினார், கல்லை எறிந்தார். இறைவன் அவருக்குக் காட்சி தந்தது அன்றைக்குத்தான் என்கிறது புராணம். மறவாமல் எறிந்த நாள்கள் எத்தனையோ இருந்திருக்கும்.

திருவொற்றியூரில் விளக்கேற்றிய கலிய நாயனார், எண்ணெய் வாங்கப் பொருளில்லாத போது செக்கில் கூலிக்கு உழைத்து விளக்கை எரித்தார். அவ்வளவில் நாம் பின்பற்றலாம். அவர் வரலாற்றின் முடிவு நாம் வணங்குவதற்கு உரியது, முயல்வதற்கு உரியதன்று. உடலையும் குடும்பத்தையும் வருத்தும் நியமத்தை இக்காலத்தில் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டியடிகள் திருவாரூரில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருக்கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் தூர்ந்து பரப்புக் குறைந்திருக்கக் கண்டு—கண்டு என்று எழுதியது தவறு. கேட்டு அறிந்து—அதனைத் தோண்டிப் பெருக்க எண்ணினார். குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கீழே மண்ணை வெட்டிக் கூடையில் இட்டு, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டி, மீண்டும் தடவியபடியே இறங்கினார். அருகிலிருந்தோர் எள்ளினர், பின்னர் அவர் கருவிகளையும் தறிகளையும் பறித்துக் கொண்டனர். முடிவில் கண் பெற்று எழுந்தார் என்பது அனைவரும் அறிந்ததே. கண் பெறாத நாள்களில் அவரை நடத்தியது அந்தக் கயிறு. அதனை வேறு ஒருவர் கட்டித் தரவில்லை. தம் குறையை அறிந்து, போக வேண்டிய தொலைவையும் அறிந்து, தாமே கட்டிக் கொண்டார். நமக்கென நாம் வகுக்கும் நியமமும் அத்தன்மையதே. தெளிவாக இருக்கும் நாளில் கட்டி வைத்தால், கலங்கிய நாளில் தடவிச் செல்லலாம்.

ஆகவே அன்பர்கள் நீண்ட பட்டியல் எழுத வேண்டியதில்லை. ஒன்று போதும். தையற் கடை வைத்திருப்பவருக்கு அது மாதம் ஒரு பள்ளிப் பிள்ளையின் சீருடையாக இருக்கலாம். ஓட்டுநருக்கு நாளின் முதல் சவாரிக்கு முன் ஒரு பதிகமாக இருக்கலாம். ஆசிரியருக்கு, மெல்லக் கற்கும் ஒரு மாணவருடன் மாலையில் கால் மணி நேரமாக இருக்கலாம். எந்த வேளையில், எவ்வளவு என்பதை ஒரே வரியில் எழுதிப் பூசை மாடத்தில் வைத்துக் கொள்க. பிறருக்குக் காட்ட வேண்டா. ஒரு பட்சம் நடத்திப் பார்த்து, அளவு மிகுதி என்று தோன்றினால் குறைத்துக் கொள்வதில் இழுக்கில்லை. முற்றும் விட்டுவிடுவதைக் காட்டிலும் அது மேல்.

எங்கள் இல்லத்தில் இப்போது நடப்பது பழைய பிடியரிசி வழக்கம் ஒன்றே. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போகிறது; பானை நிறைந்ததும் கோயில் அன்னதானத்திற்குக் கொண்டு போய்க் கொடுக்கிறோம். மறந்த நாள்களும் உண்டு. அந்நாள்களில் சோறு வெந்து கொண்டிருக்கும் போதே யாரேனும் எழுந்து சென்று பானையில் இட்டு வருகிறோம்.