மாவைக் குறைத்து ஒரு இராச்சாப்பாடு

இடம்பெயர்ந்த நாள்முதல் எம்மில் பலருக்கு இரவில் கோதுமைமா றொட்டியும் சம்பலுந்தான். செலவு குறைவு, கெதியில் சுடலாம். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது தினமும் ஒத்துவராது. மா செமித்ததும் இரத்தத்தில் சீனிதான் ஏறுகிறது. கிழமையில் இரண்டு இரவாவது றொட்டிக்குப் பதில் இலையில் சுற்றிச் சாப்பிட்டுப் பார்ப்போம்.

சலாது இலை நல்லது. கிடைக்காவிட்டால் கோவா இலையைக் கொதிநீரில் 2 நிமிடம் அமிழ்த்தி எடுங்கள், கிழியாமல் மடியும். சலாதைக் கொதித்தாறிய நீரில் கழுவுங்கள். தண்ணீரில் நம்பிக்கை இல்லாத இடத்தில் கோவாவே மேல்.

இரண்டு கைபிடி நெத்தலிக் கருவாட்டைச் சுடுநீரில் ஊறவிட்டுக் கழுவினால் உப்புக் குறையும். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி நெத்தலியைப் பொரியவிடுங்கள். 2 முட்டை உடைத்து ஊற்றி, மஞ்சளும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறி இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். இலையில் வைத்துச் சுருட்டினால் சரி.

பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தோட்டத்தில் கொத்திவிட்டு வருபவருக்கும் இதுமட்டும் போதாது, சோறும் கொடுங்கள். சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். மாச்சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சீனி மிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம்.

சலாதுக்குக் காணி தேவையில்லை. மண்ணும் எருவும் நிரப்பிய சாக்கை அரைநிழலில் வைத்து மாரியில் விதையுங்கள். வெளி இலைகளை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். வெயில் ஏறினால் பூத்து இலை கசக்கும்; பிறகு கோழிக்குத்தான்.