மை கொட்டிய முகங்கள்
கேலிச்சித்திரம் வரையும் தம்பிக்கு,

மலேசியாவின் ஐந்து தோட்டத்து மக்களின் வீட்டுப் பிரச்சினையை வைத்து நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்தேன். மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தன. 2023இல்தான் பெஸ்தாரி ஜெயாவில் அடிக்கல் விழுந்தது. (எனக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) உங்கள் படத்தில் அமைச்சர் மேடையில் ஆளுயரச் சாவியோடு நிற்கிறார். சாவியின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொதுத்தேர்தல் ஆண்டு: 1999, 2004, 2008, 2013, 2018, 2022. நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். இடம் பிரித்தல், எழுத்தின் அளவு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கிறது. எனக்குப் பொறுக்காதது மேடைக்குக் கீழே வரிசையில் நிற்கும் கிழவரின் முகம்.

முகமா அது? மை கொட்டிய வட்டம். உள்ளே இரண்டு வெள்ளை விழி, ஒரு வெள்ளைப் பல்வரிசை. அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே வட்டம், அதே விழி, அதே பல். அமைச்சருக்கு மட்டும் நெற்றிச் சுருக்கம், கன்னத்து மடிப்பு, காதுமடல் எல்லாம் பொறுமையாகப் போட்டிருக்கிறீர்கள். வாக்குறுதி கொடுத்து ஏமாற்றியவர் உங்கள் படத்தில் ஒரு மனிதர். ஏமாந்தவர் வெறும் நிறம். யாரைக் குத்த நினைத்தீர்களோ அவருக்கு எல்லா மரியாதையும் செய்துவிட்டு, யாருக்காகப் பேனா எடுத்தீர்களோ அவருடைய மூக்கைக்கூட வரையாமல் விட்டிருக்கிறீர்கள்.

இந்த முகம் நீங்கள் கண்டுபிடித்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைக்கார நடிகர்கள் கருக்கிய தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாகத் தீட்டிக்கொண்டு, கறுப்பின அடிமைகளைப் போல ஆடிப் பாடிக் காசு பார்த்தார்கள். அந்த ஒப்பனை மேடையிலிருந்து அச்சுக்கு வந்தது, அச்சிலிருந்து விளம்பரத்துக்கு வந்தது. 1933இல் ஷாங்காயில் ஹாலி அண்ட் ஹேசல் நிறுவனம் தொடங்கிய டார்க்கி பற்பசையின் உறையில் தொப்பி வைத்துச் சிரித்தது இதே முகம்தான். நம் நாட்டில் அந்தப் பற்பசை கிடைக்காத மளிகைக் கடை இல்லை. 1985இல் கால்கேட்-பாமோலிவ் பாதிப் பங்கை வாங்கியது. எதிர்ப்புக்குப் பிறகு 1989இல் பெயர் டார்லி ஆனது, படமும் மாறியது. சீனப் பெயர் மாறுவதற்கு 2022 ஆகிவிட்டது. கறுப்பு என்றால் பல் தெரிய வேண்டும் என்ற பழக்கத்தை நம் கண்ணுக்கு ஏற்றியதில் அந்த உறைக்கும் பங்கு உண்டு. உங்கள் தூரிகையும் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறது, உங்களுக்குத் தெரியாமலேயே.

கறுப்பை வரைய நேரம் செலவழிக்க விரும்பாதவர்தான் மையைக் கொட்டுவார். நாற்பது வருஷம் வெயிலிலும் ரப்பர்ப் பால் வெட்டிலும் கிடந்த தோலில் வெளிச்சம் தங்கும் இடங்கள் உண்டு: கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, புருவ மேடு. குறுக்குக் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் போட்டால் நிறமும் தெரியும், ஆளும் தெரிவார். கெட்டியாக மை போட்டால் செய்தித்தாள் காகிதத்தில் அது ஊறிப் பரவும்; படம் இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருங்கினால் மூக்கும் வாயும் மூழ்கி, விழியும் பல்லும்தான் மிஞ்சும். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் மலாய்க்காரரையும் சீனரையும் தமிழரையும் பஞ்சாபியரையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்தவர். ஆனால் அவர் படத்தில் ஒரு கடைத்தெருக் கூட்டத்தைப் பார்த்தால் ஆளுக்கு ஒரு வயிறு, ஆளுக்கு ஒரு நடை இருக்கும். அந்தக் காலத்து வாசகர்கள் அதில் தங்கள் மாமாவைத் தேடினார்கள். உங்கள் வரிசையில் யாரைத் தேடுவது?

நானும் தமிழன், என் ஆட்களை நான் வரைந்தால் யாருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் படம் கைபேசியில் கைமாறும்போது உங்கள் பிறப்புச் சான்றிதழ் கூடவே போவதில்லை. உங்கள் நோக்கமும் போவதில்லை. 2014 செப்டம்பரில் இந்திய விண்கலம் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை எட்டியபோது, சிங்கப்பூர் ஓவியர் ஹெங் கிம் சோங் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு படம் வரைந்தார். விண்வெளி மேட்டுக்குடிச் சங்கத்தின் கதவை, தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு தட்டுகிறார். உள்ளே கோட்டு போட்டவர்கள் நாளிதழ் படிக்கிறார்கள். விண்வெளி இனிப் பணக்கார மேற்கு நாடுகளின் தனிச்சொத்து அல்ல என்று காட்டுவதே ஓவியரின் எண்ணம் என்று பத்திரிகையே விளக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்டது. எண்ணம் அதுவாகவே இருந்திருக்கட்டும். படத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாட்டையும் தலைப்பாகையையும் எடுத்துவிட்டு ஒரு பொறியாளரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தால் சங்கத்தாரின் திமிர் அப்படியே இருக்கும், இன்னும் கூர்மையாகக்கூட இருக்கும். மாட்டைப் பார்த்து வந்த சிரிப்பு மட்டும் போய்விடும். அப்படியானால் அந்தச் சிரிப்பு சங்கத்தாரைப் பார்த்து வந்ததில்லை. இனத்தின் அடையாளத்தை உருவிவிட்டால் படத்தின் அரசியல் நிற்கிறதா, விழுகிறதா என்பதுதான் நான் எந்தக் கேலிச்சித்திரத்துக்கும் வைக்கும் சோதனை. உங்கள் படத்தில் கறுப்பு வட்டத்தை எடுத்தாலும் சாவி நிற்கிறது. பிறகு அது எதற்கு?

கிழவரின் இடுப்பில் செருகிய போத்தல் அந்த முகத்தைவிட மோசம். குடியைப் பற்றித் தொழிலாளர்களே என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களை வழிநடத்திய, தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் உயிர்கள் போயின. அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இன்னொன்று. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்கள்; நடத்தவிட்டுச் சம்பளக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டது நிர்வாகமும் சர்க்காரும். தோட்டப்புறத்தில் குடி இல்லை என்று சொல்லவில்லை. அது குடும்பங்களைத் தின்றது எல்லாருக்கும் தெரியும். குடியைப் பற்றி வரைய வேண்டுமானால் கடையை வரையுங்கள், உரிமத்தை வரையுங்கள், கல்லாவில் உட்கார்ந்திருந்தவரை வரையுங்கள். வீடு கேட்டு நிற்பவரின் இடுப்பில் போத்தலைச் செருகினால், இவனுக்கெல்லாம் வீடு எதற்கு என்று கேட்கும் ஆளுக்கு நீங்களே படம் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கேலிச்சித்திரம் என்றாலே மிகைப்படுத்தல்தானே என்பீர்கள். மிகைப்படுத்துங்கள், தாராளமாக. ஒருவர் செய்ததை, சேர்த்ததை, தேர்ந்தெடுத்ததை எவ்வளவு வேண்டுமானாலும் ஊதிப் பெரிதாக்கலாம். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் சூனார் அன்றைய பிரதமரின் மனைவியின் கொண்டையையும் வைர மோதிரத்தையும் எத்தனை முறை வரைந்தார்! கொண்டை அவர் போட்டுக்கொண்டது, மோதிரம் அவரோடு சேர்த்துப் பேசப்பட்டது. சூனாருக்குத் துணிச்சல் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2015இல் அவர் மீது ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் பாய்ந்தன, ஆட்சி மாறிய பிறகு 2018இல்தான் கைவிட்டார்கள். இதோடு 2018இல் ஆஸ்திரேலியாவின் ஹெரால்ட் சன் பத்திரிகையில் மார்க் நைட் வரைந்த டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் செரீனா கோபித்துக்கொண்டது அவர் செய்த செயல். அதைக் கேலி செய்யலாம். நைட் ஊதிப் பெரிதாக்கியது உதட்டையும் மூக்கையும். எதிரே ஆடிய நவோமி ஒசாகா ஹைத்தி தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர்; படத்தில் அவர் பொன்னிற முடியும் வெளுத்த தோலுமாக நிற்கிறார். ஒருத்தியை மட்டும் கறுப்பாகக் காட்டுவதற்கு மற்றவளை வெள்ளையாக்க வேண்டியிருந்தது. அந்நாட்டுப் பத்திரிகை மன்றம் அதில் விதிமீறல் இல்லை என்று சொல்லிவிட்டது. மன்றம் சொல்லட்டும், ஒசாகாவின் முகத்தைப் பார்க்காமல் வரைந்தவரை நான் நல்ல ஓவியர் என்று சொல்ல மாட்டேன்.

உள்துறை அமைச்சு பேசுவதுபோலப் பேசுகிறீர்களே என்று அடுத்து கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டம், 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் இரண்டும் இந்த நாட்டில் ‘உணர்ச்சி புண்படும்’ என்ற பேரில் செய்த வேலை எனக்கும் தெரியும். அந்தச் சட்டங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் பதவி. இந்தப் படத்துக்குத் தடை போடு என்று கேட்பதும், உன் படம் சோம்பேறித்தனமாக இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றா? உங்கள் படத்தை யாராவது தடை செய்ய வந்தால் எதிர்த்துக் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். போட்டுவிட்டு வந்து இதே கடிதத்தைத்தான் எழுதுவேன்.

இத்தனையும் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. வரிசையில் மூன்றாவதாக நிற்கும் கிழவியின் கையை நீங்கள் வரைந்திருக்கிறீர்களே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோப்பு, நான்காக மடித்து மடித்துக் கிழிந்த கடிதத்தின் ஓரம், அதை விடாமல் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகம். ஈஜோக்கிலிருந்து தஞ்சோங் காராங் வரை மாவட்ட அலுவலகப் படியேறிய அத்தனை பேரின் கையும் அதுதான். நம் பத்திரிகைகளில் இப்படியொரு கையை வரைந்த இன்னொருவர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இந்தக் கையை வரைந்தவரா அந்த முகத்தைப் போட்டார் என்றுதான் ஆத்திரம் வருகிறது.

கடைசியாக வேலிக்கு அப்பால். செம்பனை மரங்களுக்கு இடையே வங்காளதேசத் தொழிலாளர்களை எறும்புச் சாரியாக ஊர விட்டிருக்கிறீர்கள். நம்மவர் வேலையை அவர்கள் பறித்தார்கள் என்பது கருத்து போலும். 2015இல் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு லண்டன் டெய்லி மெயிலில் மேக் வரைந்த படத்தில், எல்லை தாண்டி வரும் அகதிகளின் காலடியில் எலிகள் ஓடின. எறும்பு எலியைவிடச் சின்னது, அவ்வளவே வித்தியாசம். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை, கங்காணிகள் ஆள் பிடித்து நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய கூட்டத்தையும் யாராவது மேலேயிருந்து பார்த்து எறும்பாக வரைந்திருக்கலாம். அதில் நம் பாட்டன்கள் இருந்திருப்பார்கள். அவர்களையும் கூலி குறைவு என்பதற்காகத்தான் கொண்டுவந்தார்கள், யாருடைய வேலையையும் பறிப்பதற்காக அவர்கள் வரவில்லை. இன்று அந்தச் செம்பனைக் காட்டில் நிற்பவரின் பெர்மிட், லெவி, எந்த முதலாளியிடம் எத்தனை நாள் இருக்கலாம் என்ற உத்தரவு எல்லாம் ஒரு மேசையில் முடிவாகின்றன. 245 குடும்பங்களின் கோப்பு கிடந்ததும் அதுபோன்ற மேசைகளில்தான். வேலிக்கு அப்பால் ஒரே ஒருவரை நிறுத்துங்கள்: நீளக் கழியில் கட்டிய அரிவாள், சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், உங்கள் கிழவருக்கு இருக்க வேண்டிய அளவுக்கு மூக்கும் கண்ணும். மேசையை மேடைக்குப் பக்கத்தில் போடுங்கள். மறுபடி வரைந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்