காய்ந்த கொடியைப் பிடுங்காதீர்கள்!

தை, மாசியில் வாடி மறைந்துபோகும் செங்காந்தள், சேனை போன்ற நம்மூர்ச் செடிகள் கோடை மழை விழுந்ததும் மறுபடி தலைகாட்டும். அதுவரை மண்ணுக்குள் உறங்கும் கிழங்கைக் காப்பாற்றச் சில குறிப்புகள்:

1. கொடி காய்ந்ததும் வேரோடு இழுக்காமல், தரையிலிருந்து நாலு விரல் விட்டு நறுக்குங்கள். கிழங்கு இருக்கும் இடத்துக்கு அந்தக் கட்டைதான் அடையாளம். பெயர்க்குச்சி வைப்பதானால் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை வெயிலில் மங்கிவிடும்.

2. உறக்கத்தில் இருக்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அழுகிவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வெயில் தாக்காதபடி மேலே இலைச்சருகைப் பரப்புங்கள். முளை தெரிந்ததும் அதைச் சுற்றி மட்டும் விலக்கிவிடுங்கள்.

4. செங்காந்தள் கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். முளை அதன் நுனியில்தான் வரும். நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். அங்கே களைக்கொட்டு வேண்டாம், கையாலேயே மண்ணைக் கிளறுங்கள்.

5. செங்காந்தள் நம் மாநில மலர்தான்; ஆனால் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் இன்னும் அதிகம். கையுறை போட்டுத் தொடுங்கள். தோண்டி எடுத்த கிழங்கைச் சமையல் கிழங்குகளோடு ஒருபோதும் வைக்காதீர்கள்.

6. செங்காந்தள் இலை நுனியாலேயே சுற்றிப் பற்றி ஏறும். தடித்த கம்பு அதற்குப் பிடிபடாது. மெல்லிய குச்சிகளோ கம்பிவலையோ போதும். கிழங்கின் மேல் குத்திவிடாமல் சற்றுத் தள்ளி ஊன்றுங்கள்.

7. மழைக்குப் பின் சேனை இருந்த இடத்தில் அழுகல் நாற்றம் வந்தால் பயப்படாதீர்கள். அது பூத்திருக்கிறது, ஈ, வண்டுகளை அழைக்கத்தான் அந்த வாடை. பொறுக்க முடியாவிட்டால் பூவை வெட்டிவிடலாம், இலை பின்னால் வரும்.

8. தூதுவளை, கோவைக் கொடிகளின் முற்றிய தண்டுகளை மழைக்கு முன் கவாத்து செய்தால் கொழுந்து நிறைய விடும். புதிய கோவைக்குக் காய்த்த கொடியின் தண்டையே நடுங்கள். விதையில் முளைப்பது ஆண் கொடியாக இருந்தால் காய்க்காது.

9. முதல் மழைக்குக் கோரையும் முளைக்கும். அதன் தண்டு மூன்று பட்டையாக இருக்கும். சின்னக் கிழங்கோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

10. நன்னாரி இலையில் கறுப்புக் கொம்புகளோடு புழு இருந்தால் மருந்தடிக்காதீர்கள். பட்டாம்பூச்சியாகப் போகிற புழு அது. தின்ற இலை மறுபடி துளிர்க்கும்.

11. ஆடி முடிந்தும் முளைக்காவிட்டால் மட்டும் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் மூடிவிடுங்கள். கொழகொழத்திருந்தால் எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மணல் கலந்து வடிகாலைச் சரிசெய்யுங்கள்.