படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் – ஏன்?



நம்ம குழுக்கள் செய்யும் சேலை, பாய், கூடை எல்லாமே இப்போது போட்டோவைப் பார்த்துத்தான் விலை பேசப்படுகின்றன. துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு அந்தப் போட்டோதான் துணி. படம் மங்கலாக இருந்தால் வாங்க மாட்டார். படம் பளிச்சென்று இருந்து, கைக்கு வந்த சேலை மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்புவார். அனுப்பிய செலவு, கலைந்த மடிப்பு, போன நம்பிக்கை மூன்றும் நம்ம தலையில்தான் விழும். சாயத்தில் எந்தத் தப்பும் இல்லாமலே இப்படி நடப்பதுண்டு. அதற்கு ஒரு காரணம், போட்டோவுக்குள் இருக்கும் 'கலர் புரொஃபைல்'. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

எந்தப் படி?

கேமராவோ செல்போனோ நிறத்தை எண்ணாகத்தான் சேமித்து வைக்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் இருக்கும்.

"நாலு படி அரிசி" என்று நோட்டில் எழுதியிருந்தால் நாம் என்ன கேட்போம்? பெரிய படியா, சின்னப் படியா என்று கேட்போம் இல்லையா? எண் ஒன்றுதான், படி மாறினால் அரிசி மாறும். "இந்த எண்கள் இந்தப் படியில் அளந்தவை" என்று சொல்லும் சீட்டுதான் கலர் புரொஃபைல். அது படத்தோடு அதே கோப்புக்குள் பொதிந்திருக்கும்.

நாம் அடிக்கடி சந்திக்கும் படிகள் மூன்று.

1. எஸ்.ஆர்.ஜி.பி.: எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-ல் உருவாக்கியது. 1999-ல் சர்வதேசத் தரமானது. இணையத்தின் பொதுப் படி இதுதான்.

2. அடோபி ஆர்.ஜி.பி.: 1998-ல் வந்தது. அச்சு வேலைக்கு ஏற்றது. பச்சையும் மயில்கழுத்து நிறமும் இதில் இன்னும் அடர்த்தியாக அடங்கும்.

3. டிஸ்பிளே பி3: 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் ஆப்பிள் போன்கள் படம் எடுக்கும் படி.

ஒரு கணக்குப் பார்ப்போம். எஸ்.ஆர்.ஜி.பி.யில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி படியில் எழுதினால் 219, 0, 0. முழுப் பச்சை 0, 255, 0. அதுவே அடோபியில் 144, 255, 60. நிறம் ஒன்றுதான், எண்கள் வேறு.

அப்படியானால் படம் மாறுமா?

சீட்டு இருந்து, படத்தைக் காட்டும் மென்பொருள் அதைப் படித்தால் நிறம் சரியாகவே வரும்.

அடோபி படத்தின் சீட்டு வழியில் தொலைந்தால் நிறம் மாறும். படத்தை ஏற்றும்போது அளவைக் குறைப்பதற்காகச் சில இடங்களில் சீட்டையும் நீக்கிவிடுவார்கள். சீட்டில்லாத படத்தைப் பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பி. என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்போது 219 என்ற சிவப்பு மங்கலாகத் தெரியும். பச்சை, மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும்.

எஸ்.ஆர்.ஜி.பி. படத்தின் சீட்டு தொலைந்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. எப்படியும் அந்தப் படியில்தான் அளப்பார்கள். அதனால்தான் விற்பனைப் படத்துக்கு இதுவே பாதுகாப்பு.

சீட்டு மாற்றினால் போதுமா?

போதாது. பெரிய படியில் அளந்த அரிசி மூட்டையில் "சின்னப் படி" என்று சீட்டு ஒட்டினால் கணக்கு தப்பாகும். மறுபடி அளந்துதான் எழுத வேண்டும். கணினியில் சீட்டை மட்டும் மாற்றுவதற்கு 'அசைன்' என்று பெயர். எண்களையும் கணக்கிட்டு மாற்றுவதற்கு 'கன்வர்ட்' என்று பெயர். எஸ்.ஆர்.ஜி.பி. படத்தில் அடோபி சீட்டை அசைன் செய்தால் நிறம் கூடிப் பளபளக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம சேலை அந்த நிறத்தில் இருக்காது!

சீட்டால் ஆகாத காரியம்

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த வெள்ளை வேட்டியைச் சீட்டு வெள்ளையாக்காது. வாங்குபவரின் போன் திரை பழசாக இருந்தால் அதையும் சரிசெய்யாது. எடுத்தபடி உள்ள எண்களுக்குச் சரியான பொருள் சொல்வது மட்டுமே அதன் வேலை.

நாம் செய்ய வேண்டியவை

• கேமராவில் 'கலர் ஸ்பேஸ்' என்ற இடத்தில் எஸ்.ஆர்.ஜி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். பல கேமராக்களில் அடோபி படியில் எடுத்த படத்தின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

• ஸ்டூடியோவில் எடுத்தால், "எஸ்.ஆர்.ஜி.பி.க்கு கன்வர்ட் செய்து, புரொஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். காசு கொடுப்பது நாம். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

• பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையில் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் சேலை நிறமும் தப்பாகத்தான் இருக்கும்.

• படத்தை ஏற்றிய பிறகு இரண்டு வேறு போன்களில் திறந்து, பொருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

• நிறத்தை வார்த்தையிலும் எழுதுங்கள்: அரக்கு, மாந்தளிர், கிளிப்பச்சை. படம் கொஞ்சம் பிசகினாலும் வார்த்தை கைகொடுக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நிறம் வேறு என்று திரும்பி வந்த பொருள் நம் குழுவில் உண்டா? படம் எடுத்தது யார், எந்த வெளிச்சத்தில்?

2. நம் படங்கள் எந்தப் படியில் உள்ளன? இதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை எந்த உறுப்பினர் ஏற்பார்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எடையில் ஏமாற்றாத நாம், நிறத்திலும் உள்ளதை உள்ளபடி காட்டுவோம்.